ரெண்டு மார்க் கூடாரம்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் ரோஜா வாங்கியது முப்பத்துமூன்று. தேற இரண்டு மார்க் குறைவு. கூடாரத்துக்கு எவ்வளவு துணி வேண்டும் என்ற கேள்வியில், சாய்வு உயரம் போட வேண்டிய இடத்தில் நடுக்கம்பத்தின் உயரத்தைப் போட்டுவிட்டாள். பதினாறு வருஷமாகியும் அந்த ஆற்றாமை தீரவில்லை. என்ன படித்தாய் என்று யார் கேட்டாலும் "ஒண்ணும் படிக்கல" என்பாள். பத்து வருஷப் படிப்பு என்ன பாவம் செய்ததோ!

இப்போது திண்டிவனத்தில் கோதண்டபாணியின் தார்ப்பாய்க் கடையில் தைக்கிறாள். வெட்டுவது அவர்தான். கத்தரிக்கோலை வேறு யாராவது தொட்டால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரோஜாவுக்கோ அந்தக் கத்தரிக்கோல் மேல்தான் ஆசை.

விழுப்புரத்திலிருந்து பாஞ்சாலி என்பவர் கண் பரிசோதனை முகாமுக்குக் கூடாரம் கேட்டு வந்தார். பன்னிரண்டு அடிச் சதுரம், நடுவில் எட்டடிக் கம்பம், நாலு பக்கமும் முக்கோணமாகத் தரைவரை துணி. முகாம் நாளை மறுநாள். கடையில் இருந்ததோ ஒரே சுருள்.

கோதண்டபாணி எட்டடிக்குச் சாக்பீஸ் கோடு இழுத்தார். ரோஜா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"வெட்டாதீங்கண்ணா, துணி பத்தாது. எட்டடி கம்பத்துக்குத்தான். துணி சாஞ்சிக்கினு இல்ல எறங்குது?"

"இருவது வருஷமா வெட்டிக்கினு இருக்கறேன். எனக்கே சொல்றியா?"

இருபது வருஷமும் அவர் வெட்டியது தட்டைப் பாய்கள். ரோஜா கடையில் கிடந்த எட்டடிக் கம்பத்தை நிமிர்த்தி அவர் கையிலேயே கொடுத்தாள். அதன் அடியிலிருந்து, பன்னிரண்டில் பாதியான ஆறடி தள்ளி ஒரு செங்கல்லை வைத்து, உச்சியிலிருந்து அதுவரை கயிறு இழுத்து அளந்தாள். சரியாகப் பத்தடி.

"ஒரு முக்கோணம் அறுவது சதுர அடி. நாலுக்கு எரநூத்தி நாப்பது. மடிச்சித் தைக்கறதுக்குத் தனி."

கோதண்டபாணி கயிற்றைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, "நீயே வெட்டித் தொலை" என்று கத்தரிக்கோலை நீட்டினார். ரோஜா அதை இரண்டு கையாலும் வாங்கி, பத்தடிக்குப் புதுக் கோடு இழுத்தாள்.

"உள்ள எவ்ளோ காத்து பிடிக்கும்மா? கூலர்காரன் கேக்கறான்" என்றார் பாஞ்சாலி.

"ஆயிரத்து நூத்தி அம்பத்திரண்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள் ரோஜா. "இல்லம்மா, மேல கூராப் போவுதில்ல, அதுல மூணுல ஒரு பங்குதான். முந்நூத்தி எம்பத்தி நாலு கன அடி."

"இன்னாம்மா படிச்சிருக்கே?"

"பத்தாவது. கணக்குல ரெண்டு மார்க்ல போச்சு. இந்த வருஷம் எழுதப் போறேன்."

எழுதப் போகிற விஷயம் அந்த நிமிஷம்வரை அவளுக்கே தெரியாது.