தட்டுக்கு ஒரு பிடி கேழ்வரகு

“வருஷா வருஷம் குடிலுக்குள்ள குனிஞ்சு முதுகு போனது எனக்கு. மைக்கில பேரு வந்தது சீரியல் லைட்டுக்கு சுவிட்சு போட்டவருக்கு! நல்லா இருக்குங்க உங்க நியாயம். இந்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்குங்க.”

சொன்னவர் பிலோமினா அக்கா. இடம், ஞாயிறு பூசை முடிந்து பங்கு மக்கள் அத்தனை பேரும் வெளியே வந்துகொண்டிருந்த கோயில் வாசல். போன கிறிஸ்துமஸுக்கு நன்றிப் பட்டியல் எழுதியவள் நான். பந்தல் போட்டவரிலிருந்து சுண்டல் கிளறியவர் வரை எழுதினேன். பதினைந்து வருஷமாகக் குழந்தை ஏசுவுக்குக் குடில் கட்டுகிறவரை விட்டுவிட்டேன். தூண் நிற்கிறது என்று யார் எழுதிவைப்பார்கள்? அதையாவது சொல்லியிருக்கலாம். “பேருக்காகவா கோயில் வேலை செய்யறீங்க?” என்று கேட்டுவைத்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு ‘ஸாரி’ தவிர மற்ற எல்லா இங்கிலீஷும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

கோயில் வேலைக்கு ஆள் பிடிக்கிற தொழிலில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது; வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது சரிப்படும். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ ஆள் திரட்டி நொந்தவர்களே, உங்களுக்குப் புரியும். கிறிஸ்துமஸுக்கு மூன்றரை வாரம். குடிலுக்கு மலை கட்டத் தெரிந்த ஒரே ஆள், டவுன் பஸ் ஏறி உறையூரில் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கை தூக்கியவர்கள்

அடுத்த ஞாயிறு ஃபாதர் பீடத்திலிருந்தே கேட்டார்: “குடிலுக்கு உதவி செய்ய யார் யார் வர்றீங்க?” கோயில் முழுக்கக் கை. பூரித்துப்போய்ப் பெயர் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து சேர்ந்தது நானும் கோயில் பூனையும்.

முன்வரிசையில் இரண்டு கையையும் தூக்கியவர் பேங்க் சேவியர் சார். அவருக்கு ஃபோன் போட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “கை தூக்கினேன் மேடம், இல்லைங்கலை. யாராவது செய்யணும்னு ஃபாதர் சொன்னார்ல, அதை ஆமோதிச்சேன்.”

ஸ்ரீரங்கத்து யோசனை

நான் புலம்புவதற்கென்று ஸ்ரீரங்கத்தில் ஒருத்தி இருக்கிறாள். ரங்கா என்னோடு கான்வென்ட்டில் படித்தவள். ஸ்கூல் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று வருஷமும் அவள் மாதா, நான் ஆடு. இப்போது வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க அவளும் ஆள் சேர்க்கிறாள். நான் சொன்னதையெல்லாம் பூத்தொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“வா வான்னா யாரும் வரமாட்டாடி. கையில ஒரு கார்யத்தைக் குடுத்தனுப்பு, அதைக் கொண்டுவந்து சேக்கவாவது வருவா. உனக்கு ஒரு ராத்திரி, எனக்கு இருபத்தொரு நாள். நான் அழறேனா?”

தட்டு

குடிலில் பொம்மை ஆடுகள் மேய்கிற புல்வெளிக்குக் கேழ்வரகு முளை வைப்பது எங்கள் வழக்கம். இத்தனை வருஷமும் அதையும் பிலோமினா அக்காதான் வளர்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை காந்தி மார்க்கெட்டில் கேழ்வரகு வாங்கினேன். அது தீர்ந்ததும் வெந்தயம். வீட்டுக்கு ஒரு தட்டு, ஒரு பிடி விதை. “பத்து நாள் தண்ணி தெளிச்சு, இருபத்து மூணாம் தேதி நீங்களே கொண்டுவந்து வைக்கணும்.”

பலித்தது! பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் வாயே திறக்காதவர்கள் தட்டை ஃபோட்டோ எடுத்துப் போட்டார்கள். சேவியர் சார் ஸ்கேலை வைத்து அளந்து போட்டார். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஜெசிந்தாவின் தட்டு மட்டும் ஒன்பதாம் நாளோடு படத்திலிருந்து காணாமல் போனது. விசாரித்தேன். “மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. தளதளன்னு வெந்தயக்கீரை இருக்கேன்னு எங்க மாமியார் பருப்புல போட்டுட்டாங்க. ஃபாதருக்கு ஒரு கிண்ணம் கொண்டுவரவா?”

உறையூர்

என் தட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். என் பொறுமைக்கு ஏற்றபடி நினைத்த நேரமெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். ஊரெல்லாம் பச்சையாக முளைத்தபோது எனக்கு வெள்ளையாகப் பூசணம் பூத்தது. இருபத்திரண்டாம் தேதி. ஊர்ப்பட்ட புல் தயார், வைக்க மலை இல்லை. அந்தத் தட்டோடு உறையூர் பஸ் ஏறினேன். நாற்றத்தில் பக்கத்து சீட் தானாகக் காலியானது.

அக்கா கதவைத் திறந்து, என்னை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பு மறந்துபோனது. “பட்டியல்ல உங்க பேரை விட்டது என் தப்பு அக்கா. வாசல்ல பேசினது அதைவிடப் பெரிய தப்பு,” என்றேன். அவர் தட்டை வாங்கி முகர்ந்தார். “தண்ணியத் தெளிக்கணும், கொட்டக் கூடாது. பேச்சும் அப்படித்தாங்க. வைக்கோலுக்குச் சொல்லியாச்சா?”

மைக்

மறுநாள் தட்டோடு வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. தன் புல்தான் மாட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சேவியர் சார் சண்டை போட, அக்கா அவரை மலை முட்டுக் கொடுக்க நிறுத்திவைத்தார். கிறிஸ்துமஸ் காலைப் பூசையின் முடிவில் ஃபாதர் நன்றிப் பட்டியலை வாசித்தார். முதல் பெயர் பிலோமினா. கோயிலே கைதட்டியது, அவர் இடம் காலி.

வெளியே ஓடினேன். குடிலுக்குள் குனிந்து புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார். “என்னங்க கைதட்டு? லைட்டு போட்டவருக்கா?”

இந்தத் தொழிலில் நான் கற்றது, குடில் கட்ட ஆள் வரவைக்க ஒரு பிடி கேழ்வரகு போதும், பிரிக்க வரவைக்கும் விதை இன்னும் எந்த மார்க்கெட்டிலும் வரவில்லை என்பதுதான். இனி தனியாகக் குனியவிட மாட்டேன் என்று வாட்ஸ்அப் இல்லாத அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முந்தாநாள் நான் குரூப்பில் போட்டது, எல்லாரும் பார்த்து டிக் நீலமான பிறகும், அப்படியே கிடக்கிறது:

“மூணு ராஜா திருநாள் முடிஞ்சுது. குடில் பிரிக்க ஞாயிறு நாலு மணிக்கு யார் யார் வர்றீங்க?”