ஜாம்பவானின் கடைசிப் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஜாம்பவான் பதவி இழந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அமெரிக்காவில் நன்றாகத்தான் இருக்கிறார். பட்டம்தான் போய்விட்டது.

ராப் பிடிக்காதவர்கள் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். இது ஒரு கேசட்டின் கதை.

என் நண்பன் சேவியர் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். காலேஜ் நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டை — ஹிப் ஹாப்பில் யார் ஜாம்பவான், எது ஜாம்பவான் ஆல்பம்? என் ஆள் அமெரிக்காவின் கிழக்குக் கரை. அவன் ஆள் மேற்குக் கரை. பெயரைச் சொன்னால் தபால் கார்டு போட்டுத் திட்டுவீர்கள், வேண்டாம். நாங்கள் இருவரும் நேரில் பார்த்த ஒரே கரை வைகைக் கரை... அதுவும் பெரும்பாலும் தண்ணீர் இல்லாத சமயத்தில். ஆனாலும் சண்டையில் குறை வைத்ததில்லை.

சேவியருக்கு வேகம்தான் முக்கியம். "என் ஆளு மூச்சே விடாம மூணு பாட்டைச் சொல்லுறான்லே. ஒண்ணு முடியிறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிருது. உன் ஆளால ஏலுமா?" என்பான்.

வேகம் செம்பட்டி பஸ்ஸுக்கும்தான் இருக்கிறது. ஆல்பம் என்றால் அதில் ஒரு கதை வேண்டாமா? என் ஆளின் ஆல்பம் என்னிடம் கேசட்டில் இருந்தது. அதன் ஏ பக்கம் முழுக்கக் கோபம். பி பக்கத்தில் அது மெல்ல இறங்கும். கடைசியில் ஒரு மெதுவான பாட்டு — பின்னால் ஒரு பெண்குரல் முனக, நாளெல்லாம் சண்டை போட்டவன் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவது போலத் தணிந்து முடியும். வேலை கிடைக்காமல் திரிந்த நாட்களில் அந்தப் பாட்டுதான் எனக்குத் துணை. உண்மையைச் சொன்னால், பட்டம் கொடுத்ததே அதற்காகத்தான்.

அந்தப் பாட்டில் மட்டும் குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்று சேவியர் ஒருமுறை கேட்டான். "கதைக்காகக் குரலை மாத்துறான். அதுதாம்லே கலை" என்று வாயை அடைத்தேன்.

இப்போது அவனுடைய மச்சான் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். இரண்டு ஆல்பங்களின் ஒரிஜினல் சிடியும் அவர் கையோடு வந்துவிட்டது. இரண்டையும் கேட்டுத் தீர்ப்பு என்று முடிவானது. தோற்றவன் பிரியாணிக் கடையில், எங்கள் செட்டு முழுக்க உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று 'நான் இத்தனை வருஷம் பேசியது தப்பு' என்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் அப்படிச் சொன்னவனுக்கு ஆயுள் முழுக்கக் கேலிதான்.

சேவியர் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவன் வீட்டில் உட்கார்ந்தோம். முதலில் என் ஆள். கோபம் வந்தது. இறங்கியது. நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன்...

சிடி நின்றுவிட்டது. கடைசிப் பாட்டு வரவில்லை. எடுத்துத் துடைத்துப் போட்டேன். உறையின் பின்னால் தேடினேன். அப்படி ஒரு பாட்டே இல்லை.

"என்னப்பு, உன் ஆளு வீடு திரும்பவே இல்லையாக்கும்" என்றான் சேவியர்.

கேசட்டைத் தூக்கிக்கொண்டு, அதைப் பதிவு செய்து கொடுத்த பாண்டி அண்ணனிடமே போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். கொடைக்கானல் ஹாஸ்டல் பையன்கள் கொடுத்துவிட்டுப் போகும் கேசட்டுகளிலிருந்துதான் எங்கள் ஊருக்கு ராப் வந்தது. இப்போது அதே கடையில் செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்.

"என் கையெழுத்துதேன்" என்றார் கேசட்டைத் திருப்பிப் பார்த்து. "தொண்ணூறு நிமிஷ நாடா தம்பி இது. அந்தாளு பாட்டு அம்புட்டு நேரம் வராது. காலியா விட்டா, கேசட்டு ரிப்பேருன்னு சண்டைக்கு வந்துருவாக. அதனால மிச்ச எடத்துல வேற கேசட்டுலருந்து எதையாச்சும் போட்டு ரொப்பிருவேன்."

"மெதுவான பாட்டா ஏண்ணே தேடிப் போட்டீங்க?" என்று கேட்டேன். கடைசி நம்பிக்கை.

"எங்கிட்டுத் தேடுனேன்? அஞ்சு நிமிஷம் மிச்சம். அஞ்சு நிமிஷத்துக்கு அதுதேன் இருந்துச்சு."

வருத்தமாக இருந்ததா? ரொம்பவே இருந்தது. பாடியவன் யாரென்றே தெரியாமல், இத்தனை வருஷம் நன்றியை இன்னொருவனுக்குச் செலுத்தியிருக்கிறேன். அமெரிக்காவில் யார் ஜாம்பவான் என்பதை விமர்சகர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்களாம். இங்கே அந்த வேலையை மிச்ச நாடா பார்த்திருக்கிறது.

சேவியர் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீங்க ஏன் வாத்தியாரே சிரிக்கிறீக?" என்றார் பாண்டி அண்ணன். "உங்க கேசட்டும் நாந்தேன போட்டேன். உங்களது அறுபது நிமிஷம். பாட்டு கொள்ளல. அந்தாளு வாயை மூடுற எடத்துல வர்ற மியூசிக்கெல்லாம் பாஸ் பட்டனை அமுக்கி வெட்டிட்டுத்தேன் அடக்குனேன்."

சேவியரின் சிரிப்பு நின்றது.

மதியம் பிரியாணிக் கடையில் நான் எழுந்து நின்றேன். பேசியதெல்லாம் தப்பு என்று சொன்னேன். மிச்ச நாடா கதையையும் சொன்னேன். டேபிளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பாண்டி அண்ணன் சொன்னதில் என் பாதியை மட்டும்தான் சொன்னேன்.

சேவியரின் ஆல்பம் அவன் பைக்குள்ளேயே இருந்தது. ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"சாப்ட்டதும் உன் ஆளையும் செத்த நேரம் கேட்ருவமா?" என்றேன் அவன் காதருகில்.

"இப்ப என்னப்பு அவசரம். பிரியாணி ஆறுது பாரு" என்றான், இலையிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் வற்புறுத்தவில்லை. ஊருக்கு ஒரு ஜாம்பவானாவது மிஞ்ச வேண்டாமா?