இடது பக்கம் திரும்பாதவளின் பலகைகள்

ரெஜான் திவியேர்ஜ் இடது பக்கம் திரும்பமாட்டாள். மலையிலிருந்து இறங்கி வந்தால் எங்கள் ஊர் மாதாகோயிலடியில் சாலை இரண்டாகப் பிரியும். இடது கிளைதான் கடைத்தெரு. அதில் இடது கைப்பக்கம், முதல் வீடு அவள் அண்ணன் ஓவிலாவுடையது. அப்பா செத்ததும் மேப்பிள் பாகு காய்ச்சும் தகரத் தொட்டி யாருக்கு என்று இருவருக்கும் சண்டை மூண்டது. கடைசியில் ரம்பத்தால் தொட்டியை அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். பாதித் தொட்டியில் பாகு நிற்காது என்பதில் இருவருக்கும் ஒரே அளவு திருப்தி.

அன்றிலிருந்து ரொட்டி வாங்கக்கூட அவள் வலது கிளையில் போய், ஏரியைச் சுற்றி, மர அறுவை ஆலையையும் கல்லறைத் தோட்டத்தையும் கடந்து, கடைத்தெருவுக்குள் மறுமுனை வழியாகத்தான் நுழைவாள். ஏரியோரம் சாலை இடது பக்கம் வளைகிறதே என்று கேட்டால், வளைவது சாலை, தான் இல்லை என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்த இருவரில் ஒருவன் இன்றைக்கும் நொண்டுகிறான் என்று ஊரில் பேச்சு. அது பொய். இருவருமே நொண்டுகிறார்கள்.

விதி இவளையும் அண்ணனையும் ஒரே மலையில் வேலைக்கு வைத்திருந்தது. காலில் பலகை மாட்டிப் பனியில் சறுக்கி, விழுந்து அடிபடுகிறவர்களைத் தூக்கிவரும் காவல் வேலை. மேல் சரிவு ஓவிலாவுடையது. அதற்கு ‘விதவை’ என்று பெயர். மேலிருந்து கீழ்வரை காளையின் திமில்போலப் பனிமேடுகள், கண்ணாடியாக இறுகியவை. உச்சியில் உட்காரும் காக்கை கேன்டீன் வாசலில்தான் எழுந்திருக்கும். கீழ்த்திடல் ரெஜானுடையது. அங்கே இரும்புக் குழாய்களும் குதிமேடுகளும் உண்டு. இளவட்டங்கள் குழாய்மேல் பக்கவாட்டில் நின்று சறுக்குவார்கள். மேல்சரிவுக்காரர்கள் கீழே இருப்பவர்களைக் குரங்குகள் என்பார்கள். இவர்கள் அவர்களைக் கிழட்டு ஆடுகள் என்பார்கள். நடுவில் கேன்டீன். அங்கே பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் ‘டீச்சர்’ என்ற பெயர் ஓய்வு பெறவில்லை.

அந்தப் பங்குனிக் குளிரில் மலைக்குச் சொந்தக்காரியான மதாம் பெருபே கேன்டீனுக்குள் வந்து குண்டைப் போட்டாள்.

“அடுத்த வருஷம் ஒரு சம்பளம்தான், ஒரு ஆளுதான். மேலயும் அவங்கதான், கீழயும் அவங்கதான். அடிபட்டவன் கத்திக்கிட்டு கிடக்கும்போது நடுவுல நின்னு பலகை மாத்திக்கிட்டு இருக்க முடியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரே ஜோடிப் பலகையோட விதவையில இறங்குங்க, குழாய்ல சறுக்குங்க, இந்த வாசலுக்கு வந்து சேருங்க. விழாம வர்றவங்களுக்கு வேலை.”

ஓவிலா சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல் என்னிடம் சொன்னான். “டீச்சர், அந்தப் பொம்பளைகிட்ட சொல்லுங்க. வீட்ல உக்காந்து காலுறை பின்னச் சொல்லுங்க.”

அந்தப் பொம்பளை கையெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். “டீச்சர், அந்த ஆளுகிட்ட சொல்லுங்க. பின்னி வெக்கிறேன். ஒத்தைக் காலுக்குத்தான் வேணும், இன்னொரு கால் கட்டுல இருக்கும்.”

மறுநாள் ஏரியைச் சுற்றிக்கொண்டு அவள் க்ளோவிஸின் பலகைக் கடைக்குப் போனாள். எனக்கும் மெழுகு வாங்க வேண்டியிருந்தது. வாங்காவிட்டாலும் போயிருப்பேன்.

க்ளோவிஸ் ஒரு ஜோடியை எடுத்து நீட்டினான். “இது திமிலுக்கு. நல்ல நீளம், விறைப்பு, இடுப்பு ஒல்லி. பனிக்கட்டிய நாய் மாதிரி கடிக்கும்.”

“வால் தட்டையா இருக்கே. குழாய்லேந்து பின்பக்கமா இறங்கினா குத்திக்கிட்டு நிப்பேன். வேற காட்டு.”

“இது திடலுக்கு. ரெண்டு முனையும் மேல வளைஞ்சிருக்கு, அகலம், மெத்துனு இருக்கும். ஆனா இதப் போட்டுக்கிட்டு விதவையில இறங்கினா நேரா கல்லறைதான். உனக்குத்தான் வழி பழக்கமாச்சே.”

அவள் கடையில் இருந்த அத்தனை பலகைகளையும் முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தாள். க்ளோவிஸ் கண்ணை மூடிக்கொண்டான். கடைசியில் ஒன்று கிடைத்தது. இரு முனையும் வளைந்தது, ஆனால் இடுப்பு ஒல்லி. விறைப்பும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. நட்டு வைத்தால் அவள் மூக்கு வரை வந்தது.

“பலகை சரி, விளிம்புக்கு என்ன பண்ணுவே?” என்றான் அவன். “பனிக்கட்டிக்கு எஃகு விளிம்பு கூரா இருக்கணும். குழாய்க்கு மழுங்கி இருக்கணும், இல்லேன்னா கவ்வி உன்னத் தூக்கி அடிக்கும். ரெண்டுக்கும் ஒரே விளிம்பு கிடையாதும்மா.”

“நான் குழாய்ல எப்பவும் இடது தோளை முன்னால விட்டுத்தான் போவேன். இரும்புல முட்டுறது ரெண்டு பலகையிலயும் இடது விளிம்புதான். அத மட்டும் அரத்தால மழுக்கு. வலது விளிம்ப சவரக்கத்தி ஆக்கு.”

க்ளோவிஸ் அவளைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “அப்புறம் பனிக்கட்டியில உன்னால இடது பக்கம் திரும்பவே முடியாதே?”

“நான் எதுக்கு இடது பக்கம் திரும்பணும்?”

ஞாயிற்றுக்கிழமை ஊரே கேன்டீன் வாசலில் கூடியது. ஆடுகள் ஒருபுறம், குரங்குகள் மறுபுறம். நடுவே ஒரு நாய்கூட நிற்கவில்லை. வாசல் முன்னால் இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள்.

முதலில் ஓவிலா. அவனுடைய பழைய சிவப்புப் பலகைகள் ஈட்டிபோல நீளம், எல்லா விளிம்பும் கூர். மழுக்கச் சொன்னதற்கு, தன் பலகைக்கு மொட்டை போடமாட்டேன் என்று கத்தியிருந்தான். விதவையில் அவன் இறங்கியதைக் குறை சொல்ல முடியாது. தையல் ஊசிபோல ஒவ்வொரு திமிலுக்கும் நடுவில் புகுந்து புறப்பட்டான். பிறகு குழாயில் ஏறினான். இரும்பு விளிம்பைக் கவ்வியது. பலகை நின்றது, ஓவிலா நிற்கவில்லை.

“திருக்கிண்ணமே!” என்று ஒரு குரல் மேலே போய்க் கீழே வந்தது. எங்கள் ஊரில் யாருக்குக் கோபம் வந்தாலும் கோயில் சாமான்கள்தான் வாயில் வரும்.

குரங்குகள் கைதட்டினார்கள். ஓவிலா எழுந்து, பனி ஒட்டிய மீசையோடு நடந்துவந்து, கொடிகளுக்குப் பக்கத்திலேயே நின்றான். தங்கை விழுவதை அருகிலிருந்து பார்க்க வேண்டுமாம்.

ரெஜான் இறங்கினாள். வலது பக்கம் திரும்பியபோது விளிம்பு பனியைச் சீவியது. அடுத்தது இடது. இதோ விழப்போகிறாள் என்று ஆடுகள் வாயைத் திறந்தார்கள். அவள் திமிலின் தலையில் எம்பிக் குதித்து, பலகைகளை ஆகாயத்திலேயே இடது பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கினாள். காற்றில் திரும்ப விளிம்பு எதற்கு? வலது பக்கம் பனியில், இடது பக்கம் ஆகாயத்தில், இப்படியே விதவையைத் தாண்டினாள். ஒரு குதிப்பில் எழும்பிய உயரத்துக்கு அவள் முகத்தில் கோயில் மணியின் நிழல் விழுந்தது. கோயில் அங்கிருந்து ஒரு மைல். குழாயில் இடது தோளை நீட்டி வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனாள்.

பாக்கி இருந்தது வாசல் மட்டும். குழாயை விட்டு இறங்கினால் வழி இடது பக்கம் திரும்புகிறது. அங்கே எம்ப மேடு இல்லை. சமமான பனிக்கட்டித் தரை, நேரே போனால் ஓடை.

“போச்சு! இப்ப ஓடைக்குள்ளதான்!” என்று ஓவிலா பல்லைக் காட்டினான்.

அவள் வலது பக்கம் திரும்பினாள். திரும்பிக்கொண்டே இருந்தாள். ஓடைக்கரை வேலியைச் சாய்த்து, ஆடுகளின் கூட்டத்தைப் பிளந்து, வெளியே வைத்திருந்த என் சூப் அண்டாவைக் கவிழ்த்து, முக்கால் வட்டம் போட்டுக் கேன்டீனின் மறுபக்கமாக வந்தாள். ரொட்டிக் கடைக்கு வருவதுபோலவே. கொடிகளுக்கு நடுவில் நிமிர்ந்த முதுகோடு நுழைந்தாள். அவளுடைய பலகைகளின் மேல் குறுக்கே ஓவிலா கிடந்தான்.

“வேலை உனக்குத்தான்,” என்றாள் மதாம் பெருபே. “முதல் நோயாளியும் தயார். கணுக்கால் போலிருக்கு. வீட்டுல கொண்டுபோய் விடு.”

ரெஜான் அண்ணனை மீட்பு வண்டியில் போட்டு, வாரைத் தேவைக்கு அதிகமாகவே இறுக்கி, பனி ஸ்கூட்டரின் பின்னால் மாட்டினாள். கால் ஆடாமல் பிடித்துக்கொள்ள என்னையும் ஏற்றினாள். கோயிலடி வந்தது. அண்ணனின் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது.

“இடது பக்கம்டி! இடது!” பதினோரு வருஷத்தில் அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“நோயாளி பேசக் கூடாது,” என்று சொல்லி அவள் வலது பக்கம் திருப்பினாள்.

ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள் ஓவிலாவுக்குக் கோயில் சாமான்கள் தீர்ந்துபோயின. அறுவை ஆலை வந்ததும் பாதிரியாரின் உடைகளைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தான். அவள் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடிப் பிடித்து அதில் வண்டியை இறக்கினாள். கடைத்தெருவின் மறுமுனையில் நுழைந்து கடைசிவரை போனதும் அவன் வீடு நல்ல பிள்ளையாக வலது கைப்பக்கம் வந்து நின்றது.

வாரை அவிழ்த்து அவனை வாசலில் உருட்டினாள். சுவரோரம் அவனுடைய பாதித் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. ரெஜான் பார்த்தாள். கையை விரித்துச் சாண் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

“நற்கருணைப் பேழையே!” என்றாள். “டீச்சர், அந்த ஆளுகிட்ட சொல்லுங்க. அவன் பாதி என் பாதியவிடப் பெரிசு. நாளைக்கு ரம்பத்தோட வர்றேன்.”