தங்கபாய் ஏலம் எடுத்த சக்கை

ஏசுஅடிமையிடம் விலைவாசியைப் பற்றி வாய் கொடுத்தால் லேசில் மீள முடியாது. நெய்யூருக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்து ஓய்ந்த மனிதர். சாயா பதினைந்து பைசா, சினிமாவுக்குத் தரை டிக்கெட் நாற்பது பைசா, முட்டையிடுகிற கோழி ஆறு ரூபாய் என்று ஆரம்பிப்பார். "இப்பம் பதினஞ்சு ரூவா குடுத்துச் சாயா குடிக்கியளே, நாக்குல ருசி தட்டுதாடே?" என்பார். பதில் சொன்னால் போச்சு, அன்றைய காலை அவருக்குத்தான்.

விலையை மனப்பாடம் செய்யும் பழக்கம் அவருக்கு வந்தது கடையில் அல்ல, வேதக்கோயிலில். அறுப்புப் பண்டிகையன்று சபையார் தங்கள் விளையில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வைப்பார்கள். தேங்காய், மட்டி வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். மீசை அரும்பிய காலத்திலிருந்து ஏலம் கூவுவது ஏசுஅடிமைதான்.

அவர் மனைவி தங்கபாய்க்கு ஒரு வழக்கம். எந்தப் பொருளானாலும் முதலில் ஏலம் கேட்பது அவள்தான். ஏழை வீட்டுப் பொருளைக் கேட்க ஆளில்லாமல் போய்விடக் கூடாதாம். பெண்கள் பக்கம் மூன்றாவது தூணில் சாய்ந்துகொண்டு, "ஒண்ணரை ரூவா" என்பாள். கல்யாணமான புதிதிலும் ஒன்றரை ரூபாய்தான், ஜனங்கள் செல்போனும் கையுமாக வந்த காலத்திலும் ஒன்றரை ரூபாய்தான். சபையே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் ஏலம் சூடு பிடிக்கும். சக்கை என்கிற பலாப்பழம் வந்தால் மட்டும் விடமாட்டாள், கடைசிவரை கேட்டு எடுத்துவிடுவாள். எடுத்ததைச் சுமக்கவும் மாட்டாள். "நீரு சொமந்துட்டு வாரும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடப்பாள். ஏலம் விட்டவர் சக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போவார்.

அவள் இறந்தபின் அவள் நட்ட வருக்கைச் சக்கை மரம் காய்க்கவில்லை. காய்க்காத மரம் எதற்கு, வெட்டும் என்றது ஊர். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவர் தன் காதை மூடிக்கொண்டார். இந்த வருடம், சக்கைக்குக் காலமே இல்லாத கார்த்திகையில், அடிமரத்தில் ஒற்றைச் சக்கை தொங்கியது. பிஞ்சைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது பழமாகவே மணத்தது. அவருக்கு உள்ளங்கால் கூசியது.

அந்தச் சக்கையோடு கோயிலுக்கு வந்தவரைச் சபைச் செயலாளர் ஜான்ரோஸ் தனியே அழைத்தார்.

"அண்ணே, போன வருசம் சேவல பழைய வெலைக்குக் கூவிட்டியளே. பிள்ளைய எல்லாம் சிரிச்சுது. இந்தத் தடவையும் அப்பிடின்னா மைக்க நம்ம எளவட்டம் பிரைட்டன்கிட்டக் குடுத்துருவோம். வருத்தப்படப்பிடாது."

ஏசுஅடிமைக்கு வீட்டில் பேச ஆளில்லை. வருடத்தில் இந்த ஒருநாள்தான் ஊர் அவர் குரலைக் கேட்கிறது. அதுவும் போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. தேங்காய், குலை, சேவல் எல்லாம் இன்றைய விலைக்கே போயின. ஒரு தப்பும் இல்லை. ஜான்ரோஸ் திருப்தியாகத் தலையாட்டினார். கடைசியில் சக்கை மேசைக்கு வந்தது. அப்போதுதான் ஏசுஅடிமை பெண்கள் பக்கம் பார்த்தார். கோயில் நெருக்கியடித்துக் கிடந்தது. மூன்றாவது தூணடியில் மட்டும் ஓர் ஆள் இடம் வெறுமையாக இருந்தது. அதை ஒட்டி உட்கார்ந்திருந்த சத்தியபாய் முந்தானையை இழுத்து இழுத்து ஒதுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணரை ரூவா."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிற அதே குரல், அவர் காதுக்கு மட்டும்.

"முந்நூறு!" என்றான் பிரைட்டன். "நானூறு" என்றார் வேறொருவர். அதெல்லாம் குளத்துக்கு அக்கரையிலிருந்து வருவதுபோல் கேட்டது. தூணடிக் குரல்தான் பக்கத்தில் கேட்டது.

"ஒண்ணரை ரூவா. என்ன, கூவ மாட்டீரா?"

நானூறு இருக்க ஒன்றரைக்கு விடுவது எந்த ஊர் நியாயம்? அது அவருக்குத் தெரியாதா? கூவினால் மைக் போய்விடும். கூவாவிட்டால் அவள் போய்விடுவாள். இனி ஒருதரம் கேட்க வருவாளோ, மாட்டாளோ.

"ஒண்ணரை ரூவா, ஒரு தரம்" என்றார். பிள்ளைகள் சிரித்தன. ஜான்ரோஸ் எழுந்தார்.

"ஒண்ணரை ரூவா, ரெண்டு தரம்."

சிரிப்பு நின்றது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்த அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிக்க வரவில்லை.

"மூணு தரம்! தங்கபாய்க்கு."

சத்தியபாய் முழங்காலை மடக்கி வழிவிட்டாள். யாருக்கு வழிவிட்டாய் என்று பிறகு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜான்ரோஸ் கையை நீட்டுமுன் ஏசுஅடிமையே மைக்கைப் பிரைட்டனிடம் கொடுத்தார். சக்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். மழைக்குள், முன்னால் போகிற ஆளுக்கு இடம் விட்டு நடப்பவர்போல் மெதுவாக நடந்தார். கோயில் வாசலுக்கு வலப்பக்கம் அவர் வீடு, இடப்பக்கம் கல்லறைத் தோட்டம். அவர் இடப்பக்கம் திரும்பினார்.

பிரைட்டன் குடையோடு ஓடிவந்தான். "பாட்டா, ஒங்க வீடு அந்தப் பக்கமில்லா?"

அவர் நிற்கவில்லை. "எடுத்தவளுக்க வீட்டுலயில்லா மக்கா கொண்டு குடுக்கணும்" என்றார்.