தயவு என்று எழுதாத மனு

தயவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். யாராவது சும்மா 'கொஞ்சம் தயவு பண்ணுங்க' என்றால்கூட, முடியாது போங்க என்று சொல்லத் தோன்றும். அத்தனை தடவை அந்தச் சொல்லை என் கையால் எழுதியிருக்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். சாக்கடை ஓடை அள்ளுவது, தெருக் கூட்டுவது, குப்பை வண்டி தள்ளுவதுதான் வேலை. பெரியவர்களுக்கு மலையாளம் வாயில் வரும், கையில் வராது. எனக்கோ பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுதப் பழகியதே கல்யாணத்துக்கு அப்புறம்தான். அதனால் ரேஷன் கார்டோ, தண்ணிக் குழாயோ, லீவோ, வரிசைக்கே மனு எழுதுகிறவள் நான்தான். எந்த மனுவுக்கும் கடைசி வரி ஒன்றே: 'தயவுண்டாகணமென்னு தாழ்மையாய் அபேக்ஷிக்குன்னு.' தயவு காட்ட வேண்டும் என்று தாழ்மையோடு கேட்கிறோமாம்! பத்து நாளாகத் தண்ணி வராத குழாய்க்கு என்ன தயவு வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் எழுதினேன். ஒரு சாயாவும் பழம்பொரியும் கிடைக்கும்.

நான் பத்தாவது முடித்த வருஷம், ஜூன் மழையில் அடைத்துக்கொண்ட ஓடைக்குள் இடுப்பளவு இறங்கி வேலை செய்த அப்பாவுக்கு எலிப்பனி வந்தது. எலிக்காய்ச்சலுக்கு அங்கே அப்படித்தான் பேர். ஒன்பதாம் நாள் போய்விட்டார். வேலையில் இருக்கும்போது செத்தால் வீட்டில் ஒருத்தருக்கு வேலை கொடுப்பார்கள். அம்மாவுக்கு அது கிடைக்காவிட்டால் குவார்ட்டர்ஸும் போகும். அம்மா, நான், தம்பி மூன்று பேரும் நடுத்தெருவில்தான்.

அந்த மனுவையும் நானே எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. 'வேலையைத் தர வேண்டும்' என்று முடித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா வேலை பார்த்த ஆபீஸில் குமஸ்தா மனுவை மேலும் கீழும் பார்த்தார். "தயவுண்டாகணம்னு எழுதலயே?"

அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். "எழுதுடி. ஊருக்கெல்லாம் எழுதினே, பெத்தவளுக்கு எழுதினா கை தேஞ்சா போகும்?"

நான் அசையவில்லை. குமஸ்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. மலையாளத்தில் அவர் சொன்னது இதுதான்: "சேச்சி, இது உங்க உரிமை ஒண்ணுமில்ல. சர்க்கார் காட்டுற தயவு. கேட்டுத்தான் வாங்கணும்."

அம்மா என் கையை விட்டாள். முகம் மாறிவிட்டது. "சாரே, எங்க வீட்டுக்காரரை ஓடைக்குள்ள எறக்குறப்போ, தயவு பண்ணி எறங்குன்னு ஒருத்தரும் சொல்லல. எறங்குடான்னாங்க. எறங்கினாரு."

பெருவிரலை மையில் அழுத்தி, மனுவில் வைத்து, அதை மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை விட்டது. ஓணம் போனது, கிறிஸ்துமஸும் போனது. பதிலே இல்லை. அம்மா தோப்பும்படிக்கு இறால் உரிக்கப் போனாள். விரல் நுனியெல்லாம் புண்ணாகி, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் தின்றாள். பக்கத்து வீட்டு அக்கா, "அந்த ஒரு வரியை எழுதித் தொலைச்சா என்ன?" என்று கேட்டதற்கு, "செத்தாலும் மாட்டேன்," என்றாள் அம்மா. அப்புறம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. தம்பி என்னைப் பார்த்து, "நாம எங்கக்கா போவோம்?" என்றான்.

எழுதினேன். அம்மா இறால் உரிக்கப் போயிருந்த ஒரு பகலில், என் பேரில், என் கையெழுத்தைப் போட்டு ஒரு மனு. தயவு என்று ஒரு தடவை இல்லை, நாலு தடவை எழுதினேன். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். என் வீராப்பெல்லாம் அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் அம்மா பேருக்கு வேலை ஆர்டர் வந்தது. 'வாசி' என்றாள் அம்மா. நடுவில், 'மகளின் அபேக்ஷையின் பேரில் தயவு தோன்றி' என்று இருந்தது. அதை மட்டும் தாண்டி வாசித்தேன். அம்மா ஆர்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "பாத்தியா? தயவு கேக்காமலே குடுத்தாங்க, பாத்தியா?" அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம், மனு எழுதக் கேட்டு யார் எங்கள் வாசலுக்கு வந்தாலும் இந்தக் கதையைச் சொன்னாள். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

அவள் ரிட்டயர் ஆனபோது காகிதங்களைச் சரிபார்க்க நானும் கூடப் போனேன். புதிதாக வந்திருந்த குமஸ்தாப் பெண், பழைய ஆர்டரை எடுத்து உரக்க வாசித்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதினியா?"

"எழுதினேன்."

"எப்போ?"

"நோட்டீஸ் வந்தப்போ."

அத்தனை பேர் நடுவில் அறைந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளோ குமஸ்தாப் பெண்ணிடம் சொன்னாள்: "மோளே, அது அன்னைக்குப் பதினாறு வயசுப் பிள்ளை. பயந்து எழுதிருச்சு, விடு. ஆனா பன்னெண்டு வருஷம் இந்தத் தெருவையெல்லாம் கூட்டினது நான். அதுல எவன் தயவாச்சும் இருக்குன்னு எழுதியிருக்கா? பார்த்து வாசி."

அந்தப் பெண் நிஜமாகவே தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "இல்ல சேச்சி," என்றாள்.

"அப்ப மையை எடு," என்று அம்மா பெருவிரலை நீட்டினாள்.