மேலே இருந்து பார்த்தால் எங்கள் வீடு

இலவசம் என்று யாராவது எதையாவது நீட்டினால், வாங்குவதற்கு முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்து ப்ரௌசிங் சென்டரில் அந்த சாஃப்ட்வேரை முதன்முதலாகப் பார்த்தபோதும் அப்படித்தான். உலகம் முழுவதையும் வானத்திலிருந்து காட்டுகிறது, உருட்டினால் உருளுகிறது, கிட்டே போனால் தெருவும் கூரையும் தெரிகின்றன, எல்லாம் சும்மா. எந்த இடத்தில் மடக்கிப் பிடித்து கார்டு நம்பர் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கடைசி வரை கேட்கவில்லை.

இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்த சுவர் வரைபடத்தில் கன்னியாகுமரி கிழிந்துபோய் இந்தியா தஞ்சாவூரோடு முடிந்துவிடும். அதனால் மாலையில் ரயிலை விட்டு இறங்கியதும் ப்ரௌசிங் சென்டருக்குள் நுழைந்து, வகுப்புக்கு உதவுகிற மாதிரி இணையத்தில் ஓசியில் என்ன கிடைக்கிறது என்று துழாவுவேன். எரிமலை வெடிக்கிற அசைபடம் கிடைத்தது. ஆறுகளை இழுத்து அதனதன் இடத்தில் பொருத்துகிற விளையாட்டு கிடைத்தது. என்ன ஒன்று, அதில் மிசிசிப்பி இருந்தது, எங்கள் பக்கத்துக் கொசஸ்தலை ஆறு இல்லை. எங்கள் பிள்ளைகள் மிசிசிப்பியை எங்கே கண்டார்கள்? வானத்திலிருந்து காட்டுகிற இதில்தான் எங்கள் ஊரும் இருந்தது.

பள்ளியில் கம்ப்யூட்டர் அறை ஒன்று உண்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி அந்த மரியாதை அந்த அறைக்குத்தான். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் இணைப்பு வந்திருந்தது. அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு, உறை மேல் ஒரு துண்டும் போட்டு வைத்திருந்தார் தலைமை ஆசிரியர்.

"பசங்க கைய வச்சா வைரஸ் கிரஸ் வந்துடும் டீச்சர். அப்புறம் யாரு பேஜாரு படறது?"

"பசங்க செருப்பக் கழட்டிட்டுதானே சார் வருவாங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார்.

வகுப்பே அந்த ஒரு திரையைச் சுற்றி நின்றது. படம் உடனே தெளியாது. முதலில் கலங்கல் தண்ணீர் மாதிரி இருக்கும், பிறகு கட்டம் கட்டமாகத் தெளியும். நான் இமயமலையிலிருந்து தொடங்கலாம் என்று பாடம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். இமயமலையை யார் சீந்தினார்கள்? "டீச்சர், எங்க ஊடு", "டீச்சர், எங்கப்பா கம்பெனி" என்று ஒரே கூச்சல். இரும்பு உருக்குகிற தொழிற்சாலைகளின் நீளநீளமான கூரைகள் தெரிந்தன, ரயில் தண்டவாளம் தெரிந்தது, கிழக்கே பழவேற்காடு ஏரி பெரிதாக விரிந்து கிடந்தது.

அப்போதுதான் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இது இப்ப நடக்கறதா?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, கண்டுபிடித்துவிடலாமே என்றேன். அவர்களே வழியும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் எல்லார் வீட்டு மாடியிலும் பளிச்சென்ற புடவையை விரித்துவைப்பது, வீட்டில் இருக்கிறவர்கள் வானத்தைப் பார்த்துக் கையாட்டுவது, நாங்கள் இங்கே திரையில் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டியில் பாதித் தாய்மார்கள் வெயிலில் மாடி ஏறி நின்றிருக்கிறார்கள். ஒருத்தர் கல்யாணப் பட்டுப்புடவையையே எடுத்து விரித்தாராம். தலைமை ஆசிரியரும் என்ன நடக்கிறது என்று கேட்கிற சாக்கில் வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். திரையில் ஒரு புடவையும் இல்லை. ஒருத்தி திடீரென்று அலறினாள்.

"டீச்சர், எங்க மாடியே காணோம்! போன வருசம்தான் கட்னோம், அதே காணோம்!"

இன்னொருவன் பள்ளியைத் தேடிப் பிடித்தான். எங்கள் புதிய கட்டடம் இருக்க வேண்டிய இடத்தில் வேப்பமரம் நின்றது. அது வெட்டப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆக, படம் பழசு. சொந்த மாடியைத் தொலைத்துக் கற்றுக்கொண்ட பாடம் என்பதால் யாருக்கும் மறக்கவில்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அன்று மாலை ரயிலில் பக்கத்து சீட்டு அம்மாளிடம்கூட இதைச் சொல்லி அறுத்தேன்.

கூச்சல் போடாதவள் ஒருத்திதான். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாமில் இருக்கிற பெண். சண்டை மறுபடி மூண்டபோது தாய் தகப்பனோடு படகில் வந்தவள். தகப்பன் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனால் வரப் பல நாளாகும். முகாமின் வீடுகள் மேலே இருந்து பார்க்கத் தீப்பெட்டிகளை அடுக்கியது போல ஒரே மாதிரி இருந்தன. "உன் வீட்டைக் கண்டுபிடி" என்றேன். "எதைத் தேட, டீச்சர்?" என்றாள். மணி அடித்து எல்லாரும் போன பிறகு செருப்பை மாட்டாமல் வாசலிலேயே நின்றாள்.

"கடலுக்கு அங்கால இருக்கிற எங்கட வீட்டைப் பாக்கலாமோ?"

பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஊரிலிருந்து பின்னால் வந்தவர்களில் ஒருவர் அந்த வீடு அப்படியே நிற்கிறது என்கிறார், இன்னொருவர் குண்டு விழுந்து தரைமட்டம் என்கிறார். எதை நம்புவது என்று தெரியாமல் அம்மா தவிக்கிறாராம். வீடு இருந்தால் திரும்பிப் போகலாம் என்பதால், முகாம் வீட்டுப் பின்னால் ஒரு முருங்கைக் கொம்பை நடுவதற்குக்கூட விடமாட்டேன் என்கிறாராம்.

"அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றேன்.

சனிக்கிழமை அம்மா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் மவுஸைப் பிடித்தாள். கடலைத் தாண்டினோம். அம்மா வழி சொன்னார். தேவாலயத்திலிருந்து களப்போரமாக வா, ரோட்டு வளையுது பார், கொஞ்சம் அங்கால, இல்லை, இஞ்சால. களப்பு என்றால் எங்கள் பழவேற்காடு மாதிரி உப்பேரி. மகள் நிறுத்தினாள். திரை கலங்கலாகவே கிடந்தது. அந்த இணைப்பின் மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு கட்டம் தெளிந்தது, பிறகு பக்கத்துக் கட்டம்.

"கிணறு" என்றார் அம்மா. ஒரு கரும்புள்ளி. அதன் அருகில் சிவப்பாக ஓட்டுக்கூரை. முழுசாக இருந்தது.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"டீச்சர், இது இப்பவோ?"

வகுப்பில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு குஷியாகப் பதில் கண்டுபிடித்தோம்! இப்போது மகள் என்னைப் பார்த்தாள், நான் மகளைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள்.

"இல்லை அம்மா. பழைய படம்."

அம்மா திரைக்குக் கிட்டே குனிந்தார். "குசினிப் பக்கம் நீலமாக் கிடக்குது, பாத்தியே? ஓடு உடைஞ்சதெண்டு அப்பா கட்டின தறப்பாள். அடுத்த மாசம் அதையும் அவிட்டுக்கொண்டுதான் நாங்கள் படகேறினம்." சமையலறைக்கு மேலே கட்டிய தார்ப்பாயைத்தான் சொன்னார். சின்ன நீலப் பொட்டாகத் தெரிந்தது. அதன் மேல் விரலை வைக்கப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"அப்ப இந்தப் படத்துக்க நாங்கள் உள்ளுக்க இருக்கிறம்."

சந்தோஷமாகத்தான் சொன்னார். நான்தான் சும்மா இருக்காமல் வழக்கம்போல் மூக்கை நுழைத்தேன். "இதைப் புதுசா மாத்திக்கிட்டே இருப்பாங்களாம். மாத்தினா உடனே சொல்லி அனுப்பறேன்மா. அப்போ நிச்சயமாத் தெரிஞ்சிடும்."

"வேண்டாம் டீச்சர்" என்றார். "இது போதும்."

எதையும் தெரிந்துகொள்ளாமல் விட முடியாத எனக்கு அந்தப் பதில் அன்று விளங்கவே இல்லை. வீடு போகிற வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் படம் மாறியிருந்தது. வேப்பமரம் போய் எங்கள் புதிய கட்டடம் வந்துவிட்டது. மாடியைத் தொலைத்தவள் மாடியைக் கண்டுபிடித்துக் குதித்தாள். கூட்டம் கலைந்ததும் முகாம் பெண் வந்து மவுஸைப் பிடித்தாள். கடலைத் தாண்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தண்டவாளத்தைத் தாண்டி முகாமுக்குப் போனாள். வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு கூரையின் பின்புறத்தில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கித் தேடினாள்.

"எங்கட முருங்கை தெரியேல்லை, டீச்சர்."

"எப்போ நட்டீங்க?"

"அம்மாதான் நட்டது. இஞ்ச வந்து பாத்திட்டுப் போன அடுத்த கிழமை."

"அப்போ இந்தப் படம் அதுக்கும் முன்னாடி எடுத்ததா இருக்கும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, அந்தக் கூரையையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.