ஏலத்து வீடுகளின் பூட்டுக்காரர்

எல்லாரும் அவரைப் பூட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவர் கடை. அவர் உட்கார்ந்துவிட்டால் வந்தவர் தெருவில்தான் நிற்கவேண்டும். சாவி வெட்டும் மெஷினிலிருந்து பறக்கும் பித்தளைத் தூள் புருவத்தில் ஒட்டி எப்போதும் மின்னும்.

கடன் கட்டமுடியாதவர்களின் வீட்டை பேங்க் எடுக்கும்போது பூட்டை உடைக்க அவரைத்தான் கூட்டிப்போவார்கள். பழைய பூட்டைக் கழற்றுவார், புதுசு போடுவார், சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவார். உள்ளே போகவேண்டிய வேலை அவருக்கில்லை. ஆனால் கதவு திறந்ததும் கண் தானாக உள்ளே போய்விடும். ஒரு வீட்டில் கொடியில் துணி காய்ந்து விறைத்துக் கிடந்தது. இன்னொரு வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அதை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை போல.

அப்படிப்பட்ட வீடுகளை ஏலத்தில் கேட்க ஆள் வருவதில்லை. விலை இறங்கி, இன்னும் இறங்கி, பாதிக்கு வந்து நிற்கும். ஒருநாள் அதிகாரி கேலியாக, "நீங்களே எடுத்துக்குங்களேன், பூட்டுச் செலவாவது மிச்சம்" என்றார். பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்.

"வயித்தெரிச்சல் வீடு நமக்கெதுக்குங்க?"

"நான் வாங்கலேன்னா இன்னொருத்தன் வாங்கத்தான் போறான்."

அவள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஆள் அவசரக்காரர் இல்லை. முதலில் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுவார். பிறகு சுவரைத் தட்டிப் பார்ப்பார், மழை நாளில் போய்க் கூரையைப் பார்ப்பார். வாங்கிய வீட்டை விற்கவே மாட்டார். பழுது பார்த்து வாடகைக்கு விட்டு, வந்த வாடகையைத் தொடாமல் சேர்த்து அடுத்ததை வாங்குவார். வருஷங்கள் போகப்போகக் கைக்கு நாலு வீடு வந்தது. "உடைக்கிறதுக்கும் கூலி, போடுறதுக்கும் கூலி, கடைசியில வீடும் அவருக்கே" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்தது.

நாலாவது வீடு காற்றும் வெளிச்சமுமாக அருமையாக இருந்தது. அதை வாடகைக்கு விட மனசு வராமல், குடியிருந்த இரண்டறை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே குடிபோனார்கள்.

போன சில நாளிலேயே அது ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் வாசல் கதவில் யாரோ சாவி போட்டுத் திருப்புகிற சத்தம். சேராத சாவி. உள்ளே போகும், பாதியில் முட்டும், வெளியே வரும், மறுபடி போகும். அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். எழுந்துபோய்த் திறந்தால் யாருமில்லை.

"உனக்குக் கேக்கலையா?" என்பார்.

"உங்களுக்குக் காதுலயே பட்டறை" என்பாள் மனைவி.

மாசக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் கதவைத் திறந்தபோது ஆள் நின்றிருந்தார். நன்றாகச் சவரம் செய்த வயசானவர். கையில் சாவி.

"பூட்டு மக்கர் பண்ணுது. ஆமா, நீங்க யாரு?"

பூட்டுக்காரர் அந்தச் சாவியைப் பார்த்தார். அதற்குள் ஒரு பெண் தெருவில் ஓடிவந்தாள். பெரியவரின் மகள். "மன்னிச்சிருங்க, அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. வீடு போனதே அவருக்குத் தெரியாது" என்றவள், பூட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "நீங்கதானே அன்னிக்கு பேங்க்காரங்களோட வந்து பூட்டை உடைச்சது?"

"ஆமாம்மா." பிறகு தயங்கிக் கேட்டார்: "தினமும் மத்தியானம் வந்தது இவர்தானா?"

"தினமுமா? நாங்க வெளியூருக்குப் போயிட்டோமே. முந்தாநேத்துதான் திரும்பி வந்தோம்."

அவர் திரும்பி வாசல் பூட்டைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பெரியவரின் சாவியைக் கேட்டு வாங்கிவந்தார். பூட்டுக்குச் சாவி செய்வதுதான் அவர் தொழில். அன்று அந்தச் சாவிக்கு ஏற்றபடி பூட்டைப் பிரித்து உள்ளே மாற்றி அமைத்தார். மறுநாள் மகள் பின்னால் நிற்க, பெரியவர் தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். அதன்பின் அடிக்கடி வந்தார். இவர்களைத் தன் வாடகைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாச வாடகை இன்னும் வரலையேம்மா."

"அடுத்த வாரம் தந்துடறோம் ஐயா" என்று சமாளித்தாள் மனைவி.

"பரவாயில்ல, முடியறப்போ குடுங்க. இந்த வீட்ட விட்டு யாரையும் நான் வெளிய அனுப்பினதில்ல."

பூட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழிகிறவரை நின்றார்.

மழைக்காலத்தில் பெரியவர் இறந்துபோனார். துக்கத்துக்குப் போய்விட்டு வந்து இருவரும் குளித்துச் சாப்பிட்டார்கள். அந்த வாரம் ஒரு மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தினாள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எனக்கும் கேக்குதுங்க" என்றாள்.

மாசம் முடிவதற்குள் பழைய இரண்டறை வாடகை வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

அத்தோடு ஏலத்தில் வாங்குவதை விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். விடவில்லை. இன்னும் சில வீடுகள் வாங்கினார், பிள்ளைகள் படித்தார்கள், மகளுக்குக் கல்யாணம் ஆனது. பேங்குக்குப் பூட்டு உடைக்கப் போவதை மட்டும் நிறுத்தினார். ஏலம் கேட்கும் முன், அந்த வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை போய்ப் பார்க்க ஆரம்பித்தார். "எதுக்குப்பா வாங்கிக் கட்டிக்கிறீங்க?" என்று மகன் சலித்துக்கொண்டான். வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு வீட்டில் செருப்பு பறந்து வந்தது. இன்னொரு வீட்டில் ஒருவர் அழுதுகொண்டே இருந்தார். இவரும் கூடவே உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக வாங்கிய வீட்டில் ஒரு அம்மாள், பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள், அவரை உள்ளே கூப்பிட்டாள். வீடு முழுக்கச் சுற்றிக்காட்டினாள். "இந்த ஜன்னல அழுத்திச் சாத்தாதீங்க, கொக்கி விட்டுடும். சமையலறைக் குழாய முழுசா மூடிட்டு கொஞ்சம் பின்னுக்குத் திருப்பணும். இல்லேன்னா சொட்டும்." சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் அந்தக் குழாயை மாற்றவில்லை. குடிவந்த புதுப்பெண்ணிடம் அதைத் திருப்பிக் காட்டினார்.

"கொஞ்சம் பின்னுக்குத் திருப்பணும்மா."

"புதுசு போட்டுடலாமே சார்? யாரு சொன்னா இப்படி?"

"வீட்டுக்காரம்மா" என்றார் அவர்.